அண்ணைக்கும் மச்சாளுக்கும்

என் கணவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை, எரிச்சலில் சொல்கிறேன். பொய் சொல்லத் தெரிந்த மனிதர் என்றால், "நான் வீட்டில்தான் இருந்தேன், காரும் வாசலில்தான் நின்றது" என்று நீதிமன்றத்தில் சொல்வதற்கு முன்னால், பக்கத்து வீட்டுக்காரி என்ன சொல்லப் போகிறாள் என்று ஒருதரமாவது யோசித்திருப்பார். இவர் யோசிக்கவில்லை. அவள் வந்து சாட்சிக் கதிரையில் இருந்து, அன்று ஒரு மணியிலிருந்து ஆறு மணிவரை எங்கள் கார் வாசலில் இல்லவே இல்லை, அந்த இடத்தில் தன் மகளின் கார்தான் நின்றது என்று ஆறுதலாகச் சொல்லிவிட்டுப் போனாள். நீதிபதி இவரைப் பார்த்தார். இவர் நிலத்தைப் பார்த்தார். பின்வாங்கில் இருந்த நான் கூரையைப் பார்த்தேன்.

வழக்கு இதுதான். மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று இருபதுக்கு, டோர்ட்மண்டில் ஒரு சுப்பர்மார்க்கெட் வாசலில் வெள்ளிநிறக் கார் ஒன்று பின்னுக்கு எடுக்கும்போது, நின்ற கார் ஒன்றின் கதவை நெளித்துவிட்டு நில்லாமல் போய்விட்டது. தள்ளுவண்டிலோடு நின்ற வயதான ஜெர்மன்காரர் ஒருவர் நம்பரை எழுதி வைத்தார். அது எங்கள் நம்பர். பொலிஸ் வந்து பார்த்தபோது எங்கள் காரின் பின்பக்கத்தில் ஒரு உரஞ்சல் வேறு இருந்தது. அது இரண்டு வருடத்துக்கு முன்னர் கோயில் தரிப்பிடத்துத் தூணில் இவர் உரஞ்சியது. "திருத்துங்கோ, திருத்துங்கோ" என்று நான் கத்தியது வீதிக்கே தெரியும். பொலிஸுக்கு மட்டும் தெரியாது.

இடித்துவிட்டு நில்லாமல் போவது இந்த நாட்டில் குற்றம். சின்னக் குற்றமும் இல்லை. தண்டம் விதித்தார்கள், அதைக் கட்டித் தொலைக்கலாம். ஆனால் நீதிபதி அன்றே இவருடைய லைசென்ஸையும் பறித்து வைத்துக்கொண்டார். ஞானசுந்தரம் என்கிற என் கணவர் இருபத்திரண்டு வருடமாக இந்த நகரத்தில் பஸ் ஓட்டுகிறவர். லைசென்ஸ் இல்லாத பஸ் ஓட்டுநரை வைத்து ஒரு கொம்பனி என்ன செய்யும்? மேன்முறையீடு முடியும்வரை டிப்போவில் பஸ் கழுவச் சொன்னார்கள். அதிலும் தோற்றால் வேலை போய்விடும் என்று கடிதமும் தந்தார்கள். ஐம்பத்தொன்பது வயதில் போகிற வேலை திரும்பி வராது.

முதல் வழக்குக்கு இவர் வக்கீல் வைக்கவில்லை. "உண்மையைச் சொல்லப் போற எனக்கு என்னத்துக்கு லோயர்?" என்று கேட்டார். உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று வெளிக்கிட்ட மனிதர் அங்கே போய்ச் சொன்னது பொய். இதை நான் யாரிடம் போய்ச் சொல்லி அழ?

மகள் கஜந்திதான் ஓடித் திரிந்து வக்கீலைப் பிடித்தாள். "அம்மா, ஒரு கிழமைக்குள்ளை அப்பீல் குடுக்கவேணும். ஆறு நாள் போயிட்டுது. நீங்கள் ரெண்டு பேரும் ஆறு நாளும் சண்டைதான் பிடிச்சனீங்கள்" என்று என்னை ஏசினாள். சண்டை பிடித்தது நான் மட்டும்தான். இவர் வாய் திறந்தால்தானே சண்டை.

வக்கீல் பிரிங்க்மன் ஒரு மெலிந்த பெண். மேசையில் கோப்புகளுக்கு நடுவே சைக்கிள் ஹெல்மெட் கிடந்தது. மேன்முறையீட்டு மனுவை எங்கள் கண்ணுக்கு முன்னாலேயே எழுதி அனுப்பிவிட்டு விளக்கினார். மேல் நீதிமன்றத்தில் வழக்கு முதலிலிருந்து நடக்கும். புதுச் சாட்சி கொண்டுவரலாம். முன்னர் சொன்னதைத் திருத்திச் சொல்லலாம். அதற்குப் பிறகு இன்னொரு தரம் இப்படிக் கிடைக்காது.

"சரி, அந்த நேரம் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்று இவரைக் கேட்டார்.

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். "வீட்டில்."

வக்கீல் பேனையை மூடி வைத்தார். இவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மிக மரியாதையாக, நானும் மகளும் கொஞ்ச நேரம் வெளியே இருக்க முடியுமா என்று கேட்டார்.

வெளியே இருப்பதாவது! முப்பத்தைந்து வருடம் சமைத்துப் போட்டவள் வெளியே, நேற்று வந்த வக்கீல் உள்ளே. நடைவழி ஓடையில் ஒரு வாடிய பூச்சாடிக்குப் பக்கத்தில் அரை மணித்தியாலம் இருந்தேன். கதவு திறந்தபோது இவருடைய கண் சிவந்திருந்தது.

"உங்களிடம் ஒரு வசனம் மட்டும் சொல்ல உங்கள் கணவர் எனக்கு அனுமதி தந்திருக்கிறார்" என்றார் வக்கீல். "அவர் அந்தக் காரை இடிக்கவில்லை. வீட்டிலும் இருக்கவில்லை."

"அப்ப எங்கை இருந்தவராம்?"

கஜந்தி மொழிபெயர்த்தாள். வக்கீல் தலையாட்டினார். "அது இரண்டாவது வசனம்."

அன்றுதான் எனக்கு விசர் பிடிக்கத் தொடங்கியது. வியாழன் இவருக்கு ஓய்வு நாள். எனக்கு முதியோர் இல்லத்துச் சமையலறையில் மத்தியானத்திலிருந்து இரவு எட்டு மணிவரை வேலை. நான் இல்லாத நேரம் பார்த்துப் போகிற இடம் என்ன இடம்? போனது தெரிந்தால் லைசென்ஸ் போனாலும் பரவாயில்லை என்கிற அளவுக்கு மறைக்கிற ஆள் என்ன ஆள்? கேட்க வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் கேட்டேன்.

"ஆரப்பா அவள்?"

சோற்றில் கை வைத்தபடி என்னைப் பார்த்தார். "உமக்கென்ன பைத்தியமோ?"

"எனக்குப் பைத்தியம் இல்லை. அந்த லோயர் மனிசிக்குத் தெரியும், எனக்குத் தெரியக்கூடாது. வேறை என்னத்தை நினைக்கச் சொல்லுறியள்?"

"நான் இடிக்கேல்லை, தவம். அதுக்கு மேலை கேளாதையும்" என்று என் பெயர் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

கஜந்தியிடம் தொலைபேசியில் சொன்னேன். அவள் சிரித்தாள். "அப்பாவுக்குக் கேர்ள்பிரெண்டோ? எனக்கு போன் எடுத்தாலே மழை பெய்யுதோ எண்டுதான் கேப்பார். அதுக்குப் பிறகு அவருக்குக் கதை இல்லை." அதற்காக நான் விட்டுவிடவில்லை. கோட்டுப் பைகளைப் பார்த்தேன். காரின் இருக்கைக்குக் கீழே கையை விட்டுத் துழாவினேன். ஒரு வடைத்துண்டு அகப்பட்டது. கல்லுப்போல் இருந்தது. நான் சுட்ட வடையாக்கும் என்று எறிந்துவிட்டேன்.

இவரோ காலையில் போய் பஸ் கழுவிவிட்டுப் பின்னேரம் ஈரச் சப்பாத்தோடு வந்தார். இவர் ஓட்டப் பழக்கிவிட்ட பொடியன்கள் இவர் கழுவிய பஸ்ஸை எடுத்துக்கொண்டு போகும்போது கை காட்டுவார்களாம். இவரும் காட்டுவாராம். இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். இந்த மனிதரை அடிப்பதா, கட்டிப்பிடித்து அழுவதா என்று தெரியாமல் ஈரக் காலுறையைப் பிடுங்கி ஹீற்றரில் போட்டேன்.

வழக்குக்கு ஒரு மாதம் இருக்கும்போது நிலவறைக்குப் போனேன். பெரிய பானை எடுக்கப் போனேன் என்று இவரிடம் சொன்னது பொய். தேடத்தான் போனேன். பழைய தொலைக்காட்சிக்கும் பெயின்ற் வாளிகளுக்கும் பின்னால் நீலப் பிளாஸ்டிக் படங்கு ஒன்று விரித்துக் கிடந்தது. தூக்கினேன்.

ஐஸ்கிறீம் பெட்டிகள். இரண்டு லீற்றர் பெட்டிகள், ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி, மூடிகள் வேறாக அடுக்கி, சுவர் நீளத்துக்கு. அறுபத்தொன்று. எல்லாம் கழுவித் துடைத்துப் பளிச்சென்று இருந்தன. எங்கள் வீட்டில் இவருக்குச் சீனி வருத்தம் வந்தபிறகு ஐஸ்கிறீம் வாங்குவதே இல்லை. மூடிகளில் வெள்ளை ஒட்டுநாடா ஒட்டி, நீல மையால் எழுதியிருந்தது. ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன்.

"அண்ணைக்கும் மச்சாளுக்கும்."

அடுத்ததிலும் அதே. அதற்கடுத்ததிலும். இவரை அண்ணை என்று கூப்பிட இந்த உலகத்தில் ஒரு ஆள்தான் உண்டு. அவளுக்கு மச்சாள் என்றால் அது நான்.

நேசமலர் இவருடைய ஒரே தங்கச்சி. டோர்ட்மண்டிலிருந்து ரயிலில் அரை மணித்தியாலம், ஹாகனில் இருக்கிறாள். அவளோடு எங்களுக்குக் கதைபேச்சு இல்லாமல் பதினொரு வருடம். காரணம் அவள் மகள் தேனுஜா பெரியபிள்ளையானபோது நடந்த சாமத்தியச் சடங்கு. பாலில் தோய்த்த அறுகம்புல்லை, பாலறுகை, பிள்ளைக்குத் தலையில் வைக்கிறது முதலில் தாய்மாமனும் மாமியும். எங்கள் ஆட்களுக்குள் இதைச் சொல்லித் தரவே தேவையில்லை. நான் சீலை எடுத்து, நகை எடுத்து, விரதம் இருந்து மண்டபத்துக்குப் போனால், கனடாவிலிருந்து வந்த அவளுடைய மனிசனின் அக்கா மேடையில் ஏறி முதல் ஆளாக வைத்துக்கொண்டு நிற்கிறா. வீடியோக்காரன் "கனடா மாமி கொஞ்சம் சிரியுங்கோ" என்கிறான். நான் முந்நூறு சனத்துக்கு முன்னால் தட்டத்தோடு கீழே நிற்கிறேன். தட்டத்தை அப்படியே கதிரையில் வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன். காரில் ஏறி இவரிடம் சொன்னேன்: "இனி அந்த வீட்டுப் படி மிதிச்சால் என்ரை வீட்டுப் படி மிதிக்க வேண்டாம்."

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் அடுத்த நாளும் அதையே சொன்னேன், அடுத்த வருடமும் சொன்னேன். அதையும் சொல்லத்தானே வேண்டும்.

இவர் வேலையால் வந்தபோது அறுபத்தொரு பெட்டிகளும் சாப்பாட்டு மேசையில் இருந்தன. பார்த்தபடி வாசலில் நின்றார். ஈரச் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"என்ன இது?" என்றேன்.

"ஐஸ்கிறீம் பெட்டி."

"தெரியுது. எவ்வளவு காலமாய் இந்தக் கள்ளக் கூத்து?"

"எப்பவும்தான்" என்றார். "ரெண்டு கிழமைக்கு ஒருக்காப் போவன். அவளின்ரை மனிசன் லொறியிலை போனால் நாலு நாளைக்கு வாறேல்லை. பைப் ஒழுகினால், லைற் எரியாட்டில்... சும்மா தேத்தண்ணி குடிச்சிட்டு வாறது."

"பதினொரு வருசமோ?"

"ஓம்."

"வடை?"

"சுடுற நாளிலை ஒரு பெட்டி தருவாள். டிப்போவிலை குடுப்பன்."

கோதாரி! இவரோடு வேலை செய்கிற துருக்கிக்காரனுக்கும் ஜெர்மன்காரனுக்கும் நேசமலரின் தட்டைவடை தெரியும். பெட்டியில் பெயர் எழுதிக் கிடக்கிற எனக்குத் தெரியாது.

"பெட்டியளை ஏன் வைச்சிருக்கிறியள்? எறியிறதுக்கென்ன? திருப்பிக் குடுக்கிறதுக்கென்ன?"

தலையை நிமிர்த்தி என்னை ஏதோ விளங்காத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "வெறும் பெட்டி குடுக்கிறதோ? ஏதாவது போட்டுத்தானே குடுக்கவேணும். உம்மட்டை எப்பிடிக் கேக்கிறது?"

என் குசினியில் ஒரு பிடி சீனியைக்கூட எடுக்கத் துணியாத மனிதர். கதிரையை இழுத்து இருந்தேன். பிறகுதான் அந்த வியாழக்கிழமையைச் சொன்னார். அன்று நேசமலரின் வீட்டு ஹீற்றர் வாசிப்பு எடுக்கிற ஆள் வந்தானாம். இந்த நாட்டில் வருடத்துக்கு ஒருதரம் வருவான், கதவில் நேரம் ஒட்டிவிட்டு வருவான், வாசித்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவான். நேசமலரின் கை வடை மாவுக்குள் இருந்ததால் இவர்தான் அவனுடைய கருவியில் கையெழுத்து வைத்தாராம். மூன்று மணி பன்னிரண்டு நிமிடம். ஹாகனில். எங்கள் காரும் அவள் வாசலில்.

"எட்டு நிமிசத்திலை டோர்ட்மண்டுக்கு ஹெலியிலைதான் வரவேணும்" என்றேன். "விசரோ உங்களுக்கு? இவ்வளவு சாட்சியை மடியிலை வைச்சுக்கொண்டோ பஸ் கழுவுறியள்?"

"பொலிஸ் வரேக்குள்ளை நீர் அகப்பையோடை பக்கத்திலை நிண்டனீர். கோட்டிலை பின்னாலை இருந்தனீர். நான் எப்பிடிச் சொல்லுறது?" மேசையிலிருந்த ஒரு மூடியைத் தடவிக்கொண்டே சொன்னார். "வேலை போகுமோ வீடு போகுமோ எண்டு பாத்தன். வேலை போகட்டும் எண்டு விட்டிட்டன்."

நான் வாயைத் திறந்தேன், திறந்து அரை மணித்தியாலம் மூடவில்லை. என்ன ஏசினேன் என்று இப்போது நினைவில்லை. ஏச ஏச, நான் ஏசுவது இவரையா என்னையா என்று எனக்கே குழம்பிவிட்டது.

அடுத்த நாள் இருவருமாக வக்கீலிடம் போனோம். இரண்டாவது வசனத்தை இவர் என் முன்னாலேயே சொன்னார். பிரிங்க்மனின் முகம் தெளிந்தது. வாசிப்புக் கொம்பனியிடம் பதிவைக் கேட்டு எடுக்கலாம், ஆனால் அந்தப் பதிவில் கையெழுத்து யாருடையது, கார் எங்கே நின்றது என்று சொல்ல நேசமலர் நேரில் வரவேண்டும் என்றார்.

"கடிதம் போனால் வருவாதானே?" என்றேன்.

"வரத்தான் வேண்டும். ஆனால் அவர் குற்றம் சாட்டப்பட்டவரின் தங்கை. வாய் திறக்கமாட்டேன் என்று சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது. யாரும் கட்டாயப்படுத்த முடியாது." பிறகு விரலை நீட்டி என்னை எச்சரித்தார். "நீங்கள் போய்ச் சந்திக்கலாம். கடிதம் வரும் என்று சொல்லலாம். என்ன சொல்லவேண்டும் என்று ஒரு சொல்லும் சொல்லிக்கொடுக்கக் கூடாது. கெடுத்துவிடுவீர்கள்."

ஏன் இருவரும் போகவேண்டும் என்று வக்கீலுக்கு நான் விளக்கம் சொல்லவில்லை. எங்கள் ஆட்களை ஒரு காரியத்துக்குக் கூப்பிடுவதென்றால் புருசனும் பெண்சாதியும் வீட்டுக்கு நேரே போய்ச் சொல்லவேண்டும். தபாலில் வந்த அழைப்புக்கு வந்தவளும் இல்லை, வந்தாலும் முகம் கொடுத்தவளும் இல்லை. பயற்றம் பணியாரம் சுட்டேன். முதல் ஈடு கருகிவிட்டது. இரண்டாம் ஈட்டை ஒரு ஐஸ்கிறீம் பெட்டியில் அடுக்கி, அவளுடைய ஒட்டுநாடாவை உரிக்காமல் அப்படியே மூடி, மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் போனேன். இவர் வழி முழுக்க யன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

நேசமலர் கதவைத் திறந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை, கையிலிருந்த பெட்டியைத்தான் பார்த்தாள்.

"திரும்பி வந்திட்டுது" என்றாள்.

"என்ன?"

"பெட்டி." கண் கலங்கிவிட்டது அவளுக்கு. "உங்களுக்கு என்ரை வடை விருப்பம் எண்டு அண்ணை ஒவ்வொரு முறையும் சொல்லுவார் மச்சாள். உறைப்புக் காணாது எண்டும் சொன்னனீங்களாம், நான் மிளகாய்த் தூள் கூட்டினனான். ஆனால் ஒரு பெட்டியும் திரும்பி வரேல்லை. அதுதான் கோபம் இன்னும் ஆறேல்லை எண்டு இருந்தனான்."

நான் திரும்பி இவரைப் பார்த்தேன். பொய் சொல்லத் தெரியாத மனிதராம்! இவர் சப்பாத்துக் கயிறைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு கயிறைக் கழற்ற அவ்வளவு நேரம் எடுத்த மனிதரை நான் கண்டதில்லை.

தேத்தண்ணி வந்தது. நான் கதிரை நுனியில் இருந்து, வக்கீலின் விரலை நினைத்துக்கொண்டு, சொற்களைப் பொறுக்கிப் பொறுக்கிச் சொன்னேன். "வாற மாதம் ஆறாம் திகதி, காலமை ஒன்பதரைக்கு, எங்கடை காரியம் ஒண்டு இருக்கு. நீங்கள் கட்டாயம் வரவேணும்."

"கஜந்திக்கோ?" அவள் முகம் மலர்ந்தது. "எந்த ஹோலிலை?"

"ஹோலிலை இல்லை. கோட்டிலை."

வழக்கு நடப்பதே அவளுக்குத் தெரியாது. கார் கராஜில் நிற்கிறது என்று சொல்லித்தான் இவர் சில மாதமாக ரயிலில் போயிருக்கிறார். நான் லைசென்ஸ் போனதைச் சொன்னேன், டிப்போவைச் சொன்னேன். அவள் எழும்பி வந்து தமையனுக்கு முன்னால் நின்றாள். "பஸ் கழுவுறீங்களோ அண்ணை?" என்று கேட்டாள். "என்னட்டை வந்து தேத்தண்ணி குடிச்சிட்டு, போய் பஸ் கழுவினீங்களோ?" என்று திரும்பவும் கேட்டுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். தண்ணீர் திறந்து விடும் சத்தம் கேட்டது. நானும் பின்னால் போனேன். பாலறுகைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கோப்பைகளை அவள் கழுவினாள், நான் துடைத்தேன். வருவேன் என்றோ வரமாட்டேன் என்றோ அவள் சொல்லவில்லை. கேட்கவும் எனக்குப் பயமாக இருந்தது.

ஆறாம் திகதி மேல் நீதிமன்றத்தில் நீதிபதி ஒருவரும் அவருக்கு இரண்டு பக்கமும் பொதுமக்களிலிருந்து எடுத்த இருவரும் இருந்தார்கள். நான் பின்வாங்கில், அதே பின்வாங்கில். சாட்சிகள் வெளியே ஓடையில் இருக்கவேண்டும் என்பதால் நேசமலர் வந்தாளா இல்லையா என்பதுகூட எனக்குத் தெரியாது.

இவரிடம் முதலில் கேட்டார்கள். இவர் எழுந்து, அன்று தங்கை வீட்டில் இருந்ததாகச் சொன்னார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

"முதல் விசாரணையில் ஏன் வீட்டில் இருந்ததாகச் சொன்னீர்கள்?"

இவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நீதிபதி பார்த்தார். அந்த இரண்டு பேரும் பார்த்தார்கள். அரச வக்கீல் கதிரையைத் திருப்பிப் பார்த்தார்.

"என் மனைவி பின்னால் இருந்தார்" என்றார் இவர்.

நீதிபதிக்கு இடது பக்கத்தில் இருந்த பெண் வாயைக் கையால் பொத்திக்கொண்டா. நிலம் பிளக்கவில்லை, பிளந்திருந்தால் இறங்கியிருப்பேன். சுருக்கெழுத்துக்காரி அதையும் எழுதினாள். ஜெர்மன் அரசாங்கத்தின் கோப்பில் இன்றைக்கும் நான் அப்படித்தான் இருக்கிறேன்.

அந்த வயதான ஜெர்மன்காரர் வந்தார். நல்ல மனிதர், பொய் சொல்ல வந்தவர் இல்லை. பிரிங்க்மன் கேட்டபோது, காரைக் கண்ட இடத்தில் கண்ணாடி போட்டிருக்கவில்லை, தன் காருக்குப் போய்க் கண்ணாடியும் பேனையும் எடுத்த பிறகுதான் நினைவிலிருந்து நம்பரை எழுதியதாக ஒத்துக்கொண்டார். பிறகு நீதிபதி பெயரைக் கூப்பிட்டார். கதவு திறந்தது. நேசமலர் பட்டுச் சீலை கட்டி, தலையில் பூ வைத்து, சடங்கு வீட்டுக்கு வருவதுபோல் வந்தாள்.

நீதிபதி அவளுக்கு விளக்கினார். "நீங்கள் இவருடைய தங்கை. இங்கே பேசாமல் இருக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அதை நீங்கள் பயன்படுத்தலாம்."

நேசமலர் தன் உடைந்த ஜெர்மனில், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"அந்த உரிமையை எங்கள் குடும்பம் பதினொரு வருடம் பயன்படுத்திவிட்டது. எனக்கு இனி வேண்டாம். நான் பேசுகிறேன்."

நீதிபதிக்கு விளங்கவில்லை. விளங்கவேண்டிய தேவையும் இல்லை. அவள் வடை மாவைச் சொன்னாள், கையெழுத்தைச் சொன்னாள், வாசலில் நின்ற காரைச் சொன்னாள். கொம்பனிப் பதிவில் மூன்று மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு நேராக இவருடைய கோழிக்கிறுக்கல் கையெழுத்து இருந்தது. பதினொன்றரைக்கு விடுதலை என்று தீர்ப்பு வந்தது. நான் அழுதேன். வக்கீல் என் தோளில் தட்டினார், நான் அவருடைய கையைப் பிடித்துக் கொஞ்சிவிட்டேன். அவர் திகைத்துப் போனார், பாவம்.

ஓடையில் நேசமலர் என்னிடம் வந்தாள். நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

"மற்ற அறுபது பெட்டியும் எங்கை மச்சாள்?" என்றாள்.

இரண்டு கிழமையில் இவர் திரும்பவும் பஸ்ஸில் ஏறினார். அடுத்த வியாழக்கிழமை எனக்கு லீவு. அவல் பிசைந்து ஒரு பெட்டியில் போட்டு வைத்தேன். மத்தியானம் இவர் கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு குசினி வாசலில் வந்து நின்றார்.

"போயிட்டு வாறன்."

"எங்கை?" பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

நீதிபதிக்கு முன்னால் நின்றதுபோல நின்றார். "நேசமலர் வீட்டை."

பெட்டியைக் கையில் கொடுத்தேன்.

பின்னேரம் ஆறு மணிக்குக் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. கதவு திறக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கீழே ஒரு பூட்டில் திறப்புத் திரும்பும் சத்தம். நான் போய்ப் படிக்கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். நிலவறையில் லைற் எரிந்தது. நீலப் படங்கு சரசரத்தது. பதினொரு வருடப் பழக்கம், கால் தானாகவே கீழே கொண்டுபோய்விட்டது.

"இஞ்சாருங்கோ!"

சரசரப்பு நின்றது.

"என்னப்பா செய்யிறியள் அங்கை? மேலை கொண்டு வாங்கோ!"

ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். வந்து பெட்டியை இரண்டு கையாலும் நீட்டினார். மூடியில் புது ஒட்டுநாடா. அதே நீல மை.

"மச்சாளுக்கும் அண்ணைக்கும்."

நான் அதை இரண்டு தரம் வாசித்தேன். பிறகு இவரை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, மூடியைத் திறந்து, முதல் வடையை நானே எடுத்தேன். உறைப்பு சரியாகத்தான் இருந்தது.